கஸ்பார் தீட்டிய கத்தி

கித்தேரித்துறையில் மீன்கள் தாங்கள் செத்துப்போனது தெரியாமல் குழம்புச் சட்டிக்குள் வாலாட்டிக்கொண்டிருந்த காலத்தைப் பற்றி யாராவது கேட்டால் நாங்கள் முதலில் பூனைகளைப் பற்றித்தான் சொல்வோம், ஏனென்றால் எங்களுக்கு முன்னால் அதைக் கண்டுகொண்டவை அவைதான்: ஏலக்கூடத்துக்குப் பின்னால் மீன் அரியும் பெண்கள் வரிசையாக உட்காருகிற இடத்தில் பிறந்து, அங்கேயே குடல் தின்று கொழுத்து, அங்கேயே கிழடாகிச் சாகிற அந்தப் பூனைகள் ஒருநாள் காலையில் எல்லாமாக எழுந்து செலஸ்தினாளின் பலகையை விட்டு விலகி, உப்பு மூட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு, அவள் எறிந்த விளமீன் குடலை அடுத்த வீட்டுப் பிள்ளையைப் பார்ப்பதுபோல மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தன. பூனைகளுக்கு வயிறு சரியில்லை என்று நினைத்தோம். எங்கள் ஊரில் எது நடந்தாலும் முதலில் வயிற்றைத்தான் சந்தேகப்படுவோம்.

அந்த வரிசையைப் பார்க்காதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லவேண்டும். அதில் இரண்டு கட்சி உண்டு, அருவாமனைக் கட்சி, கத்திக் கட்சி. அருவாமனைக்காரிகள் பலகையைக் காலால் மிதித்துக்கொண்டு, நிமிர்ந்து நிற்கிற அலகை நோக்கி மீனைத் தள்ளுவார்கள். அவர்களுக்கு இரும்பு நிற்கும், மீன் நகரும். சீலா மீனை முள்ளோடு வட்டம் வட்டமாகத் துண்டு போட அவர்களை அடிக்க ஆளில்லை. கத்திக்காரிகளுக்கு மீன் படுத்திருக்கும், இரும்புதான் நகரும். செவுளுக்குப் பின்னால் கத்தியை இறக்கி, நடுமுள் தட்டுப்பட்டதும் அலகைச் சாய்த்து, முள்ளை உரசிக்கொண்டே வால்வரை ஓட்டி, சதையை ஒரே தகடாக எடுத்துவிட்டு முள்ளைச் சீப்புபோலத் தனியே போடுவார்கள். ஒரு கட்சிக்காரி மற்றக் கட்சியின் ஆயுதத்தைத் தொடமாட்டாள், தொட்டால் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போய் விரலை வாங்கிவிடும். செலஸ்தினாள் கத்திக்காரி. அவளுக்கு நேர் எதிரே உட்கார்ந்திருக்கிற அவள் மாமியார் மொனிக்கம்மாள் அருவாமனைக்காரி, வாயும் அப்படித்தான், எதிரே வருவதை எல்லாம் துண்டு போட்டுவிடும்.

செலஸ்தினாளுக்கு அந்தக் கத்தியை வாங்கிக்கொடுத்தவன் அவள் புருசன் கஸ்பார். டவுனிலிருந்து வருகிறவர்கள் கத்தி வாங்கினால் பிடியின் பளபளப்பைப் பார்ப்பார்கள், இல்லாவிட்டால் அலகின் அகலத்தைப் பார்ப்பார்கள், வீட்டுக்குப் போய் முதல் மீனிலேயே பித்தப்பையை உடைத்து மீன் கசக்கிறது என்று எங்களைத் திட்டுவார்கள். கஸ்பார் கடைக்கு ஒரு சோப்புத் துண்டோடு போனான். கையைச் சோப்புத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு ஒவ்வொரு பிடியாகப் பிடித்துப் பார்த்தான், ஏனென்றால் மீன் கத்தியின் பிடி வழுக்குகிற கைக்குள் நிற்கவேண்டும். அலகை வளைத்து, அது முனகாமல் திரும்பி வருகிறதா என்று பார்த்தான். சுண்டிக் காதோடு வைத்துக் கேட்டான். கடைக்கார அண்ணாச்சி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏய்யா, கத்தி வாங்க வந்தீரா, பொண்ணு பாக்க வந்தீரா?" என்று கேட்டதற்கு, "பொண்ணு பாத்தாச்சு அண்ணாச்சி, அவளுக்குத்தான் கத்தி" என்றான். மெல்லிசாய், நீளமாய், நாணல்போல வளைகிற அலகு. அதைக் கொண்டு செலஸ்தினாள் சாளை மாதிரிப் பொடி மீனில்கூட முள்ளெடுப்பாள்.

எங்கள் ஊர்ப் பெண்ணின் கத்தியை ஒரு கைதான் தீட்டும். ஒவ்வொரு கைக்கும் ஒரு சரிவு இருக்கிறது, அந்தச் சரிவுக்கு இரும்பு பழகிவிடும், வேறு கை பட்டால் ஓரம் கெட்டுப்போகும். அதனால் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டிலிருந்து சேலைத் தட்டுக்கு முன்னால் தீட்டுக்கல் வரும். கடலுக்குப் போனவன் திரும்பாமல் போய், உடம்பும் கிடைக்காமல் போனால், அவனுடைய சட்டையையும் கைலியையும் ஒரு பெட்டியில் வைத்துக் கோயிலின் பக்க அறையில் வைத்துவிடுவோம், உடனே புதைக்கமாட்டோம். அவன் தீட்டிவைத்துவிட்டுப் போன கத்தி மழுங்குகிறவரை அவன் வீட்டில் அவன் கை இருக்கிறது என்று அர்த்தம். கத்தி மழுங்கின அன்றைக்குப் பெண்சாதி எல்லார் முன்னாலும் "இந்தக் கத்திக்குக் கை இல்ல" என்று சொல்லி வேறொரு கையிடம் கொடுப்பாள், துக்கமணி அடிக்கும், பெட்டி புறப்படும், அதுவரைக்கும் கரையில் ஏற்றிவைத்திருந்த அவன் வள்ளம் மறுநாள் கடலுக்குப் போகும். சாதாரணமாக இது ஒரு வாரத்துக்கு மேல் போகாது, செதிலும் முள்ளும் எந்த இரும்பையும் அதற்குள் தின்றுவிடும். சாவை நம்ப ஒரு மனுசிக்கு அவ்வளவு நாள் போதும் என்று பழைய ஆட்கள் நினைத்திருக்கவேண்டும்.

கஸ்பார் கடைசியாக அந்தக் கத்தியைத் தீட்டினது ஒரு மத்தியானச் சோற்றுக்குப் பிறகு, வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு. கல்லில் தண்ணீர் ஊற்றி ஊற்றி, ஒரு பக்கம், மறு பக்கம், பெருவிரல் நகத்தில் வைத்துப் பார்த்து மறுபடியும் ஒரு பக்கம், மறு பக்கம் என்று அவன் தீட்டிக்கொண்டே இருந்ததைப் பார்த்து, "போதும், விட்டா கத்தியே காணாமப் போயிரும்" என்று செலஸ்தினாள் சொன்னாள். "அடுத்த வாரம் பூரா எனக்குச் சோலி கெடக்கு, இது தாங்கணும்லா" என்று சொல்லி அவன் இன்னும் கொஞ்சம் தீட்டினான். பிறகு தம்பி இஞ்ஞாசியோடு வள்ளத்தைத் தள்ளிக்கொண்டு போனான்.

வள்ளத்தோடு திரும்பி வந்தது இஞ்ஞாசி மட்டும்தான். ஒரு பெரிய அலை வள்ளத்தைக் கவிழ்த்ததையும், அண்ணன் வலைக்கயிற்றோடு உள்ளே போனதையும், பிடிக்கப் போன தன் கையில் கயிறு மட்டும் ஓடினதையும் அவன் பிற்பாடு பலமுறை சொன்னான், ஆனால் அன்றைக்கு ஈரத் துணியோடு வரிசைக்கு நடந்து வந்து செலஸ்தினாளின் முன்னால் நின்றபோது அவனுக்கு வந்தது ஒரே பேச்சுதான்: "மைனி, அண்ணன் போயிட்டான்." அவள் அப்போது ஒரு சீலாவைத் திறந்துகொண்டிருந்தாள், கத்தி செவுளுக்குப் பின்னால் இறங்கி முள்ளின் மேல் திரும்பியிருந்தது. "சரி" என்று சொன்னாள், சொல்லிவிட்டு நிறுத்தாமல் வால்வரை கத்தியை ஓட்டினாள். எதிரே மொனிக்கம்மாள் அருவாமனையோடு சரிந்து விழுந்து அலறியது கோயில்வரைக்கும் கேட்டது. அந்தக் களேபரத்தில் யாரும் கவனிக்கவில்லை, ஒரு பக்கச் சதை போன அந்தச் சீலா பலகையில் படுத்தபடி வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

காரணம் கேட்டால் எங்களிடம் இல்லை. கடலிடம் நாங்கள் காரணம் கேட்பதை எப்போதோ நிறுத்திவிட்டோம். அன்றிலிருந்து செலஸ்தினாளின் கத்தி பட்ட எந்த மீனுக்கும் தான் வெட்டுப்பட்டது தெரியவில்லை, அவ்வளவுதான். ஓரம் அத்தனை மெல்லிசாக உள்ளே போய்விட்டு வந்தது, சதைக்குச் செய்தி போய்ச் சேரவில்லை. பைக்குள் போட்ட பாறை மீன் துண்டு பஸ்ஸில் துள்ளியது. கழுவ வைத்த களவா மீன் தலை, பாத்திரம் துலக்குகிற பெண்ணைக் கண்ணால் பின்தொடர்ந்தது. இரண்டொரு பெண்கள் பையைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தார்கள், அவர்களிடம் வரிசையில் செலஸ்தினாளுக்குப் பக்கத்தில் உட்கார்கிற எமிலி, "மீனு புதுசா இருக்கணும்னுதான கேட்டீக? இதுக்கு மேல புதுசு எவ குடுப்பா?" என்று கேட்டாள், அவர்களுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பிறகு எல்லாம் பழகிவிட்டது. புளி கொதித்ததும் மீனுக்கு விளங்கிவிடுகிறது என்பதைச் சமைக்கிறவர்கள் தாங்களாகவே கண்டுபிடித்தார்கள். புளித்தண்ணீர் பொங்கி வரும்போது துண்டுகள் ஒரு தரம் நடுங்கி, பிறகு மற்ற மீன்களைப்போல அமைதியாக வெந்தன. இதைத் தின்னலாமா கூடாதா என்று பங்குச் சாமியிடம் கேட்டதற்கு அவர் ரொம்ப நேரம் யோசித்து, "புளி ஊத்துறதுக்கு முன்னால ஒரு அருள்நிறைந்த மரியே சொல்லிக்கிடுங்க" என்றார், அதனால் அந்த வருசம் எங்கள் பிள்ளைகளுக்கு ஜெபம் நன்றாக மனப்பாடமானது. வெட்டிய மீன் வாரக்கணக்கில் நாறவில்லை, செத்தது தெரிந்தால்தானே நாறும். ஐஸ் கம்பெனிக்காரர் கார் போட்டுக்கொண்டு வந்து அவள் வெட்டுகிற தகடு மட்டும் வேண்டும் என்று தவமிருந்தார். பஞ்சாயத்துத் தேர்தலில் தோற்றுவிட்டு அப்புறமும் வெள்ளை வேட்டியோடு திரிகிற ஒருவரை, "பாவம், செலஸ்தி வெட்டுன மீனு" என்று ஊர் சொல்ல ஆரம்பித்தது. பூனைகள் மட்டும் உப்பு மூட்டையை விட்டு இறங்கவில்லை, மெலிந்துபோய் அங்கேயே உட்கார்ந்திருந்தன.

செலஸ்தினாள் அழவில்லை. எழுந்தாள், குளித்தாள், சோறு பொங்கினாள், வரிசைக்கு வந்தாள், சிரிக்கவேண்டிய இடத்தில் சிரிக்கவும் செய்தாள். ஒருநாள் கெளுத்தி முள் அவள் உள்ளங்கையில் ஏறி ஒடிந்தது. கெளுத்தி குத்தினால் ஆண்பிள்ளைகள் தரையில் புரண்டு அம்மையைக் கூப்பிடுவார்கள். அவள் அந்தக் கையோடேயே அடுத்த மீனை எடுத்தாள். எமிலிதான் பதறிப்போய் முள்ளைப் பிடுங்கினாள், பாதிதான் வந்தது, மீதி உள்ளேயே தங்கிவிட்டது. "நோகலையாட்டி?" என்று எமிலி கேட்டாள். செலஸ்தினாள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எங்கயோ யாருக்கோ நோவுற மாதிரி இருக்கு அக்கா" என்றாள்.

கத்தி மழுங்கவில்லை. அதுதான் எங்களுக்குக் கவலையாக இருந்தது. மொனிக்கம்மாள், அதுவரை மகன் தீட்டிவந்த தன் அருவாமனையை முதல் வாரத்திலேயே இஞ்ஞாசியிடம் கொடுத்து, நெஞ்சிலடித்து அழுது, தீட்டி வாங்கிவிட்டாள், ஆனால் பெட்டி புறப்பட அம்மையின் அருவாமனை போதாது, பெண்சாதியின் கத்திதான் வேண்டும். பெட்டி பக்க அறையில் தூசி பிடித்துக் கிடந்தது. வள்ளம் கரையில் வெயிலில் வெடித்துக்கொண்டிருந்தது, இஞ்ஞாசி அதன் நிழலில் படுத்துக்கிடந்தான். மாமியாரும் மருமகளும் தினமும் ஒரே பேச்சைப் பேசினார்கள்.

"ஏட்டி, எம்மவன மண்ணுக்குள்ள வைக்க விடுவியா மாட்டியா? எப்பட்டி அந்தக் கத்திய கல்லுல வைப்ப?"

"வெட்டுது மாமி. வெட்டுற கத்திய என்னத்துக்குத் தீட்டணும்?"

வழக்கம் மருமகள் பக்கம் இருந்தது. நாங்கள் எங்களால் ஆனதைச் செய்து பார்த்தோம். சுறாத் தலையைக் கொண்டுவந்து இதைக் கொஞ்சம் பிளந்து கொடு என்றோம், திருக்கை வாலைக் கொடுத்தோம், யாரோ ஒருத்தி வெட்கமில்லாமல் முற்றின தேங்காயையே கொண்டுவந்தாள். எல்லாவற்றையும் அந்தக் கத்தி வாழைப்பழத்தை வெட்டுவதுபோல வெட்டிவிட்டு, ஓரத்தில் ஒரு கீறல்கூட இல்லாமல் பலகையில் படுத்துக்கொண்டது. நாங்கள் எதற்குக் கொண்டுவருகிறோம் என்று செலஸ்தினாளுக்குத் தெரியும். எமிலியிடம் மட்டும் ஒருநாள் குனிந்த தலை நிமிராமல் சொன்னாள்: "அவுக கை கடைசியாத் தொட்டது இந்த ஓரம்தான் அக்கா. இது மழுங்குனா அவுக போயிருவாக."

இப்படியே போய்க்கொண்டிருந்தபோது ஒருநாள் செலஸ்தினாள் குழாயடிக்குக் கை கழுவப் போயிருந்தாள். மொனிக்கம்மாளுக்கு அன்று காலையிலிருந்தே மகன் நினைவு, அழுதுகொண்டே இருந்தாள். எழுந்து போய் மருமகளின் கத்தியை எடுத்தாள். "இன்னிக்கு இத மழுக்கிட்டுத்தான் மறுசோலி" என்று சொல்லிக்கொண்டு, கீழே கிடந்த ஒரு கருங்கல் துண்டையும் எடுத்துக்கொண்டாள். கத்திக்காரியாக இருந்தால் கத்தியைக் கையில் பிடித்துக் கல்லில் அடித்திருப்பாள். மொனிக்கம்மாள் வாழ்நாள் முழுக்க அருவாமனையில் உட்கார்ந்தவள், அவள் கைக்குத் தெரிந்ததெல்லாம் நிற்கிற இரும்பை நோக்கித் தள்ளுவதுதான். அதனால் கத்தியின் பிடியைக் காலடியில் மிதித்து, ஓரத்தைத் தன்னைப் பார்க்க நிறுத்தி, இரண்டு கையாலும் கல்லைப் பிடித்து அதன்மேல் தள்ளினாள். கல் இரண்டாகப் பிளந்தது. அவள் பெருவிரலும் செவுள்போலத் திறந்துகொண்டது.

அவளுக்கு அது தெரியவில்லை. திட்டிக்கொண்டிருந்தவள் திட்டுவதைப் பாதியில் நிறுத்தினாள். கத்தியை எடுத்துத் துடைத்து மருமகளின் பலகையில் ஒழுங்காக வைத்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, குழாயடியிலிருந்து வந்த செலஸ்தினாளைப் பார்த்து, பல மாதமாக நாங்கள் கேட்காத ஒரு குரலில் கேட்டாள்: "ஏட்டி செலஸ்தி, கஸ்பார் வாற நேரமாச்சே, உலை வச்சியா?"

அதற்குப் பிறகு மொனிக்கம்மாள் அழவேயில்லை. சாயங்காலமானால் தூக்குச்சட்டியில் சோற்றோடு கரைக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள், வருகிற வள்ளங்களை எல்லாம் பார்த்து, இதில்லை, அடுத்ததாக இருக்கும் என்று சிரித்துக்கொண்டு சொல்வாள். கோயில் பக்க அறையில் பெட்டியைப் பார்த்தால், "யாரு வீட்டுப் பொட்டியோ, பாவம், பெத்தவ எப்படித் தாங்குவா" என்று சொல்லி அந்தத் தாய்க்காக முழங்காலில் நின்று ஜெபம் சொல்வாள். சும்மா சொல்லக்கூடாது, ஊருக்கு அது நிம்மதியாகத்தான் இருந்தது. கிழவி எப்படியோ சந்தோசமாக இருக்கிறாளே என்றோம். பக்கத்துத் துறையிலிருந்து பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு பெண் பஸ் ஏறி வந்து, "சுண்டுவெரல்ல லேசா ஒரு கீறு போதும் மைனி" என்று செலஸ்தினாளிடம் கையை நீட்டினாள், செலஸ்தினாள் "மீனு மட்டுந்தான்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அன்றைக்கு எங்களில் பலர் தங்கள் சுண்டுவிரலைப் பார்த்துக்கொண்டார்கள்.

ஆனால் பெருவிரல் ஆறவில்லை. நோவு இருந்தால் மனுசர் புண்ணைத் தாங்குவார்கள், ஊதுவார்கள், தண்ணீர் படாமல் தூக்கிப் பிடிப்பார்கள். மொனிக்கம்மாள் அந்த விரலாலேயே மீன் தள்ளினாள், அந்த விரலாலேயே சாம்பல் அள்ளினாள். விரல் வீங்கியது, கறுத்தது, கறுப்பு மணிக்கட்டுப் பக்கம் ஏற ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட நர்ஸ், "வலிக்குதா பாட்டி?" என்று கேட்டதற்கு, "எங்கட்டி?" என்று சுற்றிமுற்றிப் பார்த்தாள். பசியும் அவளுக்குத் தெரியவில்லை. மகன் வந்து சாப்பிடட்டும், பிறகு நான் என்று தூக்குச்சட்டியை மூடியே வைத்திருந்தாள். சேலைக்குள் ஆள் குறைந்துகொண்டே வந்தாள், முகத்தில் அந்தச் சிரிப்பு மட்டும் குறையவில்லை. செலஸ்தினாள் எதிரே உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே மீன் வெட்டினாள். நாங்கள் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் மொனிக்கம்மாள் கையில் ஒரு வாளியோடு வரிசைக்கு வந்தாள். வாளியிலிருந்து சொட்டச் சொட்ட ஒரு சட்டையை எடுத்து, வலை காயப்போடுகிற கயிற்றில் செலஸ்தினாளின் தலைக்கு நேர் மேலே விரித்துப் போட்டாள். நீலக் கட்டம் போட்ட சட்டை. கஸ்பார் கல்யாண வீடுகளுக்குப் போடுகிற சட்டை, பெட்டிக்குள் வைத்திருந்த சட்டை.

"எவளோ எம்மவன் சட்டைய அந்தப் பொட்டிக்குள்ள வச்சிருக்காட்டி" என்றாள். "ஒரே தூசி. வந்தா என்னத்தப் போடுவான்? அதான் துவச்சிட்டேன்."

சட்டையிலிருந்து தண்ணீர் செலஸ்தினாளின் தலையில் சொட்டியது. அவள் அண்ணாந்து பார்த்தாள். சட்டையிலிருந்த அவன் வாசனை எல்லாம் சோப்பில் போய்விட்டிருந்தது. அதை அவள் அறிந்துகொண்டது அவள் முகத்தில் தெரிந்தது. பிறகு மாமியாரின் கையைப் பார்த்தாள், சட்டையின் சுருக்கத்தைத் தட்டித் தட்டி எடுத்துக்கொண்டிருந்த, கட்டு நழுவிய கறுத்த விரலைப் பார்த்தாள், அதிலிருந்து வடிந்துகொண்டிருந்ததைப் பார்த்தாள். அப்புறம் எழுந்து வீட்டுக்குப் போய், கல்யாணத்தில் சேலைத் தட்டுக்கு முன்னால் வந்த அந்தத் தீட்டுக்கல்லைத் தூக்கிக்கொண்டு வந்து வரிசையின் நடுவில் வைத்தாள். வெட்டுகிற சத்தம் வரிசை முழுக்க நின்றது. யாரோ ஓடிப்போய் இஞ்ஞாசியைக் கூட்டிவந்தார்கள், இன்னொருத்தி சாமியைக் கூப்பிட ஓடினாள்.

செலஸ்தினாள் கத்தியைக் கையில் எடுத்து ஓரத்தைப் பார்த்தாள். நாங்கள் சொல்கிறோம், அப்படி ஒரு ஓரத்தை யாரும் பார்த்ததில்லை, வெயில் அதன்மேல் நிற்க இடமில்லாமல் வழுக்கி விழுந்தது. அவள் அதைத் தன் பெருவிரல் நகத்தில் ஒருதரம் வைத்துப் பார்த்தாள், அவன் வைத்துப் பார்ப்பதுபோல.

"இந்தக் கத்திக்குக் கை இல்ல" என்று சொன்னாள்.

"என்னட்டி சொல்லுத?" என்றாள் மொனிக்கம்மாள் சிரித்துக்கொண்டே. "கஸ்பார் கை எங்க போச்சு? நேத்துக்கூட..."

"கஸ்பார் செத்துப்போயிட்டாக மாமி."

"சும்மா இருட்டி."

"கடல்ல போயிட்டாக. இஞ்ஞாசி தம்பி வந்து சொன்னாக. நான் சீலா வெட்டிக்கிட்டு இருந்தேன். சரின்னு சொன்னேன்."

கத்தியை இஞ்ஞாசியிடம் நீட்டினாள். கயிறு ஓடின அந்தக் கையை அவன் கைலியில் துடைத்தான். "என்னால முடியாது மைனி, நீங்களே தீட்டுங்க" என்று அவன் பின்னால் நகர்ந்தான். பெண் தன் கத்தியைத் தானே தீட்டுகிற வழக்கம் எங்களிடம் இல்லை, கூடாது என்று சொல்லவும் அன்றைக்கு யாருக்கும் வாய் வரவில்லை. அவள் கல்லின் முன்னால் உட்கார்ந்து, அவன் சரிவு அவளுக்குத் தெரியாததால் தன் கைக்கு வந்த சரிவில் அலகை வைத்து இழுத்தாள். பல் கூசுகிற ஒரு சத்தம் வந்தது. கஸ்பாரின் ஓரம் போயிற்று.

முதல் இழுப்பில் பலகைகளிலும் வாளிகளிலும் கிடந்த மீன் துண்டுகள் எல்லாம் ஒருமுறை விறைத்தன. இரண்டாவது இழுப்பில் கூடையிலிருந்த தலைகள் வாயைத் திறந்து, திறந்தபடியே நின்றுவிட்டன. செலஸ்தினாளுக்கு உள்ளங்கையில்தான் முதலில் வந்தது: எப்போதோ ஒடிந்து உள்ளே தங்கிய அந்தக் கெளுத்தி முள் விண்ணென்று தெறித்தது. "ஐயோ" என்றாள். அது ரொம்பச் சின்ன ஐயோ. அடுத்த ஐயோ அப்படி இல்லை, அதற்கடுத்தது அதைவிடப் பெரியது, கல்லின் மேல் அப்படியே கவிழ்ந்துகொண்டு, பல மாதங்களுக்கு முன்னால் சீலாவைப் பாதியில் நிறுத்திவிட்டு அழுதிருக்கவேண்டியதை எல்லாம் அவள் அழுதாள். எங்களுக்கு அதைப் பார்க்கத் தாங்கவில்லை, ஆனாலும் எங்கள் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது, அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

"எம் வெரலு!" என்று மொனிக்கம்மாள் கத்தினாள். கையை உதறினாள், கட்டைப் பிரித்துப் பார்த்தாள், மேலே சட்டையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பு கழன்று போவதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "எம்மவனே!" என்றாள் பிறகு, இரண்டாம் தடவையாக, முதல் தடவை கோயில்வரைக்கும் கேட்ட அதே குரலில். தவழ்ந்து வந்து மருமகளின் முதுகின்மேல் விழுந்தாள். துக்கமணி அடிக்க ஆரம்பித்தது. உப்பு மூட்டையிலிருந்து ஒரு பூனை இறங்கியது, அதன் பின்னால் மற்றவை இறங்கின.

அன்றைக்கே பெட்டியை எடுத்தோம். சட்டை காயட்டும் என்று யாரோ சொன்னதற்கு, இத்தனை நாள் காத்திருந்தது போதாதா என்று மொனிக்கம்மாள் அதட்டினாள், அதனால் ஈரத்தோடேயே மடித்துக் கைலியின் மேல் வைத்து மூடினோம். பெட்டி பலகை சரியாகப் பொருந்தாத பழைய பெட்டி. கோயிலிலிருந்து கல்லறைத் தோட்டம்வரை அதிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே போனது, தூக்கினவர்களின் தோள் எல்லாம் நனைந்தது, கடலிலிருந்து இப்போதுதான் அவனை எடுத்துக்கொண்டு வருகிறோம் என்று வழியில் பார்த்தவர்கள் நினைத்தார்கள். நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை.

பெட்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் அந்த ஈரத் தடத்தை மிதிக்காமல் ஓரமாக நடந்தார்கள். மொனிக்கம்மாள் விரலைத் தண்ணீர் படாமல் நெஞ்சோடு தூக்கிப் பிடித்திருந்தாள்.

"வலிக்குதா மாமி?" என்று செலஸ்தினாள் கேட்டாள்.

"உசுரு போவுது" என்றாள் மொனிக்கம்மாள். கொஞ்ச தூரம் நடந்துவிட்டு, "உனக்கு?" என்றாள்.

"எனக்கும்தான்" என்றாள் செலஸ்தினாள்.